ஈரக் கதவு

லுஷ்ன்யா சாலையில் எங்கள் கடைக்குப்
பெயர்ப்பலகை கிடையாது.
ஒரு ரப்பர் குழாயைக் கம்பத்தில் கட்டி
வானத்தைப் பார்த்துப் பீய்ச்ச விட்டிருக்கிறோம்.
ஆல்பேனியாவில் அதற்கு ஒரே அர்த்தம்:
இங்கே கார் கழுவப்படும்.

கழுவுவது ஜெவாஹிர். துடைப்பது நான்.
கழுவ யாராலும் முடியும் என்று நான் சொன்னால்
அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

துண்டைத் தொடுமுன்
மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவேன்.
பெல்ட் கொக்கியை முதுகுப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.
புதுத் துண்டின் ஓரத்தில் தைத்த கம்பெனிச் சீட்டைப்
பல்லால் பிய்த்துத் துப்புவேன்.
கறுப்புக் கார் எதையும் மறப்பதில்லை.

முனை கழற்றிய குழாயைக் கூரைமேல் பிடித்தால்
தண்ணீர் துளியாய்ச் சிதறாமல் திரையாய் இறங்கி
பாதி ஈரத்தைத் தானே கூட்டிக்கொண்டு போகும்.
மீதிக்குத்தான் துண்டு.
விரித்துப் போட்டு, இரு முனை பிடித்து, இழு.
அழுத்தாதே. வட்டம் போடாதே.
தூங்குகிறவன் மேலிருந்து
போர்வையை உருவுகிற மாதிரி.

விழுந்த துண்டு விழுந்ததுதான்.
நேற்று ஒன்று விழுந்தது. உதறினேன், சுத்தமாகவே இருந்தது.
சக்கரம் துடைக்கிற வாளியில் போட்டேன்.
கண்ணுக்குத் தெரியாத மணல்தான்
வண்ணத்துக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை பத்தரைக்கு
கறுப்பு பென்ஸில் வந்தாள் ஒருத்தி.
நீலப் பட்டு, சலூனில் அடுக்கிய கூந்தல்,
பின்சீட்டில் போனுக்குள் மூழ்கிய பையன்.
பேராத்தில் கல்யாணம். ஊர்வலத்தில் முதல் கார் இதுவாம்.
கணவன் வேறு யார் வண்டியிலோ முன்னாலேயே போய்விட்டான்.
"எப்போதும் அவரே கழுவுவார்.
இரண்டு வாரமாய்த் தொடவே விடவில்லை."

வண்டி முழுக்கத் தூசி.
ஓட்டுநர் கதவில் மட்டும் சேறு.
சக்கரம் தெறிக்கும் சேறு கீழிருந்து மேலே ஏறும்.
இது விரலால் பூசியது,
ஓட்டைச் சுவரை அடைப்பது போல.
ஜெவாஹிர் என்னைப் பார்த்தான்.
நான் அவனைப் பார்க்கவில்லை.

நனைந்திருக்கையில் எல்லாக் காரும் புதுக் கார்.
கீறலுக்குள் தண்ணீர் புகுந்து மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்கிவிடும்.
காயக் காயத்தான் காயம் தெரியும்.

கூரை முடிந்தது. கண்ணாடிகள். பானெட்.
ஓட்டுநர் கதவில் துண்டை விரித்து இழுத்தேன்.
துண்டுக்குப் பின்னாலேயே
வெள்ளை வெள்ளையாய் எழுந்து வந்தன எழுத்துகள்.
சாவியால் எழுதியது. மேல் வார்னிஷோடு நின்றிருந்தது.
அவசரமில்லாத கை.
துண்டு விடுகிற கீறல் சிலந்தி நூல், வெயிலுக்கு மட்டும் தெரியும்;
இதில் என் நகம் தடுக்கியது.
எங்கள் மொழியில் ஆறெழுத்து,
ஆறு வயசுப் பிள்ளையும் வாசிக்கும்:
திருடன்.

முதலில் எனக்கு வந்தது பயம்.
நீதான் கீறினாய் என்பாளோ?
மோதிரமில்லாத விரல்களை நீட்டிக் காட்டத் தயாராய் நின்றேன்.

ஈர சிமெண்டில் குதிகால் செருப்பு டக் டக்கென்று வந்து
நின்றது.
வாசித்தாள்.
பையன் நிமிர்கிறானா என்று பார்த்தாள்.
பிறகு மறுபடி கதவை,
கரண்ட் பில்லைப் பார்ப்பது போல.
எவ்வளவு என்று தெரியாது,
வரும் என்று தெரியும்.

"இந்தக் கதவைத் துடைக்க வேண்டாம்."

எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் மேடம்,
வெயிலில் துளி காய்ந்தால் வட்டம் வட்டமாய்க் கறை...

"தண்ணீர் ஊற்று."

ஊற்றினேன். குழாயைக் கிட்டத்தில் பிடித்து, மெதுவாய்.
ஒவ்வோர் எழுத்தாய் மூழ்கியது.
கறுப்பு மறுபடி கண்ணாடியாகி
அதில் அவள் நீலம் ஒரு மடிப்பும் குலையாமல் நின்றது.

எழுநூறு லெக். ஆயிரம் கொடுத்தாள், மீதி வாங்கவில்லை.
கைப்பிடியை மட்டும் காகிதத்தால் ஒற்றித் திறந்து
பட்டு நனையாமல் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

ஜெவாஹிர் கணக்கில் புலி.
"பேராத் நாற்பது நிமிஷம்," என்றான்.
"ஜூலையில் ஒரு கதவு காய ஆறு."

நான் துண்டைப் பிழிந்தேன்.
தெளிந்த தண்ணீர்தான் வந்தது.